அந்தக் கையெழுத்துப் புத்தகத்தைக் காட்டுங்கள்

மதுரையில் இருக்கும் ஃப்ரீமேசன் லாட்ஜ் ஒன்றின் மாஸ்டர், செயலாளர், சகோதரர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். (மற்ற வாசகர்களுக்கு: ஃப்ரீமேசன் என்பது சடங்கும் சத்தியமும் வைத்து ஆண்கள் சகோதரர்களாகக் கூடுகிற பழைய சங்கம், அதன் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர், கிளைத் தலைவர் மாஸ்டர்.) எந்த லாட்ஜ் என்று நான் பெயர் போடவில்லை, போடவும் மாட்டேன். அடுத்த பத்தியைப் படித்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

தை மாதம் உங்கள் செயலாளர் எங்கள் வடக்கு மாசி வீதி வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மனிதர். காபி வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு நாலாவது தடவை வாங்கிக் குடித்தார். வக்கீலாக இருந்து ஜில்லா நீதிபதியாக ஓய்வுபெற்ற என் தாத்தாவைப் பற்றி உங்கள் மலரில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு வரப்போகிறது என்றும், அதற்கு நல்ல போட்டோ ஒன்று வேண்டும் என்றும், லாட்ஜ் கூட்டத்தில் அவர் இடுப்பில் கட்டிய தோல் ஏப்ரன் வீட்டில் இருந்தால் உங்கள் ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அதுவும் வேண்டும் என்றும் கேட்டார். எழுதிவைத்திருந்த குறிப்பையும் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றரைப் பக்கம். பிறந்தது 1918, வக்கீலாகப் பதிவு செய்தது 1943, லாட்ஜில் சேர்ந்தது 1950, முன்சீப் ஆனது 1951, சப் ஜட்ஜ் 1964, ஓய்வு 1976, உங்கள் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தது 1979, காலமானது 1994. நடுவில் ஒரு கண் சிகிச்சை முகாம், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்தது, அப்புறம் "சகோதரத்துவத்தின் அசையாத தூண்" என்று ஒரு வரி.

அந்தத் தூணை நான் பேனாவால் அடித்துவிட்டேன். மற்றபடி தேதிகளில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இரண்டு வழக்குகள் அதில் இல்லை. அவை இரண்டும் இல்லாமல் இந்த மனிதரின் வாழ்க்கையை எழுதுவது, மூலவர் இல்லாத கோயிலைச் சுற்றிக் காட்டுவது மாதிரி. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் கூட்டங்களின் கையெழுத்துப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று நேரில் கேட்டேன், போனில் கேட்டேன், இப்போது எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

முதலில் ஊருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லாட்ஜ் என்ற வார்த்தையால் எங்கள் குடும்பம் பட்ட பாடு. மதுரையில் லாட்ஜ் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், டவுன்ஹால் ரோட்டில் ரயிலை விட்டு இறங்கியதும் கூப்பிடுவார்களே, அதுதான். மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தாத்தா கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு தட்டையான தோல் பெட்டியுடன் கிளம்பிப் போவார். "ஐயா எங்க?" என்று யாராவது கேட்டால் அப்பத்தா வெள்ளந்தியாக "லாட்ஜுக்குப் போயிருக்காக" என்று சொல்லிவிடும். ராத்திரி பதினோரு மணிக்குத் திரும்பி வருகிறவரை எதிர்வீட்டுத் திண்ணை ஒரு மாதிரியாகப் பார்க்கும். ஒரு நாள் எதிர்வீட்டு அம்மா கேட்டே விட்டதாம், "ஏன் மதினி, கோர்ட்டு அய்யா அம்புட்டு நேரம் லாட்ஜுல என்ன செய்றாரு?" என்று. அப்பத்தா அதற்கப்புறம் "க்ளப்புக்குப் போயிருக்காக" என்று மாற்றிக்கொண்டது. என்ன செய்கிறார் என்று அதற்கும் தெரியாது. நாற்பத்து நாலு வருஷம் தெரியாமலேயே இருந்துவிட்டது.

தாத்தாவின் குமாஸ்தா அதைவிடப் பழைய பெயர் ஒன்று வைத்திருந்தார். தலைவெட்டிக் கோயில். இது அவர் கட்டிவிட்ட கதை இல்லை, வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியிலேயே ஏறிய பெயர். புதிதாகச் சேருகிறவனின் தலையை வெட்டி மறுபடி ஒட்டவைப்பார்கள் என்று நம்ம ஊர்ப் பக்கம் ஒரு பேச்சு இருந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு, வாசலில் ஒரு ஆளைக் காவல் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டோம் என்றால் ஜனங்கள் சும்மாவா இருப்பார்கள். இன்றைக்கு அதே வேலையை யூடியூப் செய்கிறது, பெயர் மட்டும் இலுமினாட்டி. (நிஜமான இலுமினாட்டியை 1776ல் பவேரியாவில் ஆரம்பித்தவர் ஒரு சட்டப் பேராசிரியர், பத்து வருஷத்துக்குள் அரசாங்கம் தடைபோட்டு முடித்துவிட்டது. நம்ம பையன்கள் சொல்வதைக் கேட்டால் அவர்கள் இன்னும் கோரிப்பாளையத்தில் ஆபீஸ் வைத்திருப்பது போல இருக்கும்.) உலகத்தை ஆள்கிற சதி உங்களிடம் இல்லை என்பதற்கு நானே சாட்சி. 1979ல் மாஸ்டராக இருந்தபோது, ஹாலுக்கு ஒரு மின்விசிறி வாங்கும் தீர்மானத்தை நிறைவேற்ற ஐந்து மாதம் ஆனதாகத் தாத்தா டைரியில் எழுதியிருக்கிறார்.

டைரிக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த டிரங்குப் பெட்டி.

இரண்டு வருஷம் முன்பு வீட்டில் ஒழுகல் அதிகமாகி மேல்தளம் செப்பனிடக் கொத்தனார் வைத்தோம். பரணைக் காலி செய்யும்போது அவர்தான் பெட்டியைக் கீழே இறக்கினார். திறந்ததும் அந்துருண்டை வாசம். மேலே ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை, பழுப்பேறிப் போயிருந்தது. அதற்குக் கீழே ஏப்ரன். வெள்ளை ஆட்டுத்தோல், சுற்றிலும் வான நீலப் பட்டுக்கரை, இரண்டு பக்கமும் தொங்குகிற வெள்ளி நிறக் குஞ்சலம், ஒவ்வொன்றிலும் ஏழு சின்னச் சங்கிலி. லண்டன் முத்திரை போட்ட சான்றிதழ் ஒன்று, பாதி ஆங்கிலம் பாதி லத்தீன். அதன் தலைப்பில் இருந்த சின்னத்தைக் கொத்தனார் பார்த்தார், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"மூலைமட்டமும் கவராயமும்ல? அய்யா நம்ம தொழிலாம்மா?"

"இல்லண்ணே, ஜட்ஜு."

"அப்புறம் எதுக்கு நம்ம சாமான் போட்டிருக்கு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இங்கிலாந்தில் கல் கட்டுமானக்காரர்களின் சங்கங்களில் இருந்து வந்தது என்று சொல்லிக்கொள்கிறார்கள், 1717ல் லண்டனில் நாலு லாட்ஜ் சேர்ந்து ஒரு பெரிய லாட்ஜ் ஆனது, கல் உடைக்கிறவர்கள் போய்ப் படித்தவர்களும் பிரபுக்களும் வந்தார்கள், சாமான் மட்டும் மிச்சம், மூலைமட்டம் என்றால் நேர்மையான நடத்தை, ரசமட்டம் என்றால் எல்லோரும் சமம், தூக்குக்குண்டு என்றால் வளையாமல் நிற்பது. முதல் படியில் சேருகிறவன் எடுபிடி, மூன்றாவது படி ஏறினால் மேஸ்திரி. அவர் ஏப்ரனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு சொட்டுச் சாந்து படலையே" என்று மட்டும் சொன்னார்.

கிண்டல் இல்லை, நிஜமான ஆச்சரியம். எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் சங்கத்துக்கும் சட்டக்காரர்களுக்கும் பழைய உறவு என்று எனக்குத் தெரியும். நம்ம ஊரில் இருந்து கூப்பிடு தூரத்தில் திருச்சியில்தான் 1770களில் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத் உல் உமரா உங்கள் சங்கத்தில் சேர்ந்தார். அதைக் கேள்விப்பட்டு லண்டனில் இருந்து அலங்காரமான நீல ஏப்ரனும் சட்டப் புத்தகமும் அனுப்பினார்கள், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை ஏற்றவர் வங்காளத்தின் அட்வகேட் ஜெனரல் சர் ஜான் டே. பிற்பாடு பெரோஸ்ஷா மேத்தா, மோதிலால் நேரு என்று பெரிய வக்கீல்கள் வரிசை. 1961 நவம்பர் 24ல் டில்லியில் இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ், அதாவது எல்லா லாட்ஜுக்கும் மேலான தலைமைச் சபை, ஏற்பட்டது. ஆந்திர உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த தேவிந்தர் குப்தா அதன் கிராண்ட் மாஸ்டராகவே இருந்திருக்கிறார். யாரும் ஒளித்து வைக்காத விஷயம் இது. அதனால் "நீதிபதி எப்படி அங்கே போகலாம்" என்று நான் கேட்கவில்லை. தாத்தா போனதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. 1950ல், ஒரே மேஜையில் கீதையும் குரானும் பைபிளும் வைத்துச் சத்தியம் வாங்குகிற இடம் மதுரையில் வேறு எங்கே இருந்தது என்று அவர் என் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அது அவருக்குப் பெரிசாகப் பட்டிருக்கிறது. சரி.

(ஆனாலும் ஒன்று. 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாதய்யர் என்ற மதுரை வக்கீல், மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களை ஊர் பார்க்க, பட்டப்பகலில் கூட்டிக்கொண்டு போனார். தாத்தாவுக்கு அப்போது 21 வயது. பதினொரு வருஷம் கழித்து அதே ஊரில் இவர் கதவைச் சாத்திக்கொண்டு ரசமட்டம் பிடித்தார். இதை அவர் யோசித்துப் பார்த்தாரா என்று டைரியில் தேடினேன், இல்லை.)

இப்போது முதல் வழக்கு.

1965. தாத்தா மதுரையில் இருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் சப் ஜட்ஜ். ஒரு பாகப்பிரிவினை வழக்கு, அண்ணன் தம்பி சண்டை, கிணறும் நாலு ஏக்கர் நஞ்சையும். அண்ணனுக்காக மதுரையில் இருந்து ஒரு பெரிய வக்கீல் வக்காலத்துப் போட்டு வந்து நிற்கிறார். அவர் உங்கள் லாட்ஜ். தாத்தாவோடு அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவர். வழக்கைக் கூப்பிட்டதும் தாத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திறந்த கோர்ட்டில், வாதி தரப்பு வக்கீலும் தானும் ஒரே சங்கத்தில் பல வருஷமாக உறுப்பினர்கள், எதிர்த்தரப்புக்கு இதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டிருக்கிறார். தம்பி சம்சாரி, விவசாயம் பார்க்கிறவர். என்ன சங்கம் என்று தன் வக்கீலைக் கேட்கிறார். அந்த வக்கீல், எங்கள் குமாஸ்தா மாதிரியே பழைய ஆள் போலிருக்கிறது, காதோடு "தலைவெட்டிக் கோயில்" என்று சொல்லிவிட்டார். தம்பிக்குக் காதோடு பேசத் தெரியாது. "தலையை வெட்டி ஒட்டுன ஆளுகளா ரெண்டு பேரும்? சாமி, எனக்கு வேற கோர்ட்டு குடுங்க" என்று கும்பிட்டுவிட்டார். கோர்ட்டே சிரித்ததாம். தாத்தாவும் சிரித்திருக்கிறார், டைரியில் இருக்கிறது. சிரித்துவிட்டு, அன்றைக்கே ஜில்லா ஜட்ஜுக்கு எழுதி வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொன்னார். சிவில் நடைமுறைச் சட்டம் 24ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை லாட்ஜில் என்ன நடந்தது என்பதும் டைரியில் இருக்கிறது. உள்ளே நடந்ததை எழுதக்கூடாது என்பதால் அவர் உள்ளே நடந்ததை எழுதவில்லை, சாப்பாட்டு மேஜையில் நடந்ததை எழுதியிருக்கிறார். கெட்டிக்காரர். ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னொருவர், சகோதரனைச் சந்தியில் நிறுத்துவது எந்த ஊர் தர்மம் என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துக் கேட்டார். லாட்ஜ் என்ற பேச்சைக் கோர்ட்டில் எடுத்ததே தப்பு என்றார் மூன்றாமவர். அடுத்த வருஷம் தாத்தாவுக்கு வரவேண்டிய வார்டன் நாற்காலி, மாஸ்டருக்கு அடுத்த பதவி, வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. உங்கள் குறிப்பில் 1950க்கும் 1979க்கும் நடுவில் ஏன் ஒரு பதவியும் இல்லை என்று யாராவது யோசித்தீர்களா? தூர ஊர் உத்தியோகம் என்று உங்கள் செயலாளர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அவர் லாட்ஜ் கூடுகிற எல்லாச் சனிக்கிழமையும் பஸ் பிடித்து மதுரைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்.

இரண்டாவது வழக்கு 1968.

இதை எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஒரு நெசவாளர் குடும்பம். கடன் நெருக்கடியில் தங்கள் வீட்டைக் கிரயம் எழுதிக் கொடுக்கிறார்கள், ஐந்து வருஷத்துக்குள் பணத்தைக் கொடுத்தால் வீட்டைத் திருப்பி எழுதித் தருகிறேன் என்று வாங்கினவர் தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார். கெடு தாண்டிவிட்டது. குடும்பம் கோர்ட்டுக்கு வந்து, இது கிரயமே இல்லை, கடனுக்கு ஈடாகக் கொடுத்தது, ஆகவே அடமானம், பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்கிறோம் என்கிறது. நம்ம பக்கத்தில் ஊருக்குப் பத்து வீடு இப்படிப் போயிருக்கும். வீட்டை வாங்கினவருக்கு ஆஜரானவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பெரிய வக்கீல்.

இந்தத் தடவை தாத்தா கண்ணாடியைக் கழற்றவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. வழக்கை நடத்தினார், வாதம் முடிந்தது, தீர்ப்பை ஒத்திவைத்தார், மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு, வழக்கு தள்ளுபடி, வீடு போனது.

அந்த மூன்று வாரத்தில் ஒரு சனிக்கிழமை டைரியில் இப்படி இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியதை நான் தமிழில் சொல்கிறேன்: "இன்று லாட்ஜ். அவர் எனக்கு வலது பக்கம். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவரும் நானும். சாப்பாட்டில் எனக்கு மோர் ஊற்றினார். நான் எழுந்து போயிருக்க வேண்டும்." அவ்வளவுதான். அடுத்த நாள் பக்கத்தில் அரிசி விலை.

தீர்ப்பு நகலை வாங்கி, நான் மதிக்கிற ஒரு மூத்த வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒரு வாரம் வைத்திருந்து படித்தார். "சட்டப்படி இதில் ஓட்டை இல்லம்மா" என்றார். சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் 1929ல் ஒரு வரி சேர்த்தார்களாம், திருப்பித் தருகிற நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் இருந்தால்தான் அதை அடமானமாக எடுத்துக்கொள்ள முடியும், தனித் தாளில் இருந்தால் முடியாது என்று. இந்தக் குடும்பத்திடம் இருந்தது தனித் தாள். யார் உட்கார்ந்திருந்தாலும் அநேகமாக இதே தீர்ப்புதான் வந்திருக்கும். அப்பீலிலும் நின்றது.

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அந்த மூத்த வக்கீலே அடுத்து ஒரு பழைய இங்கிலாந்து வழக்கைச் சொன்னார். 1923, சசெக்ஸ். ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து வழக்கு. மாஜிஸ்திரேட்டுகள் முடிவெடுக்க உள்ளறைக்குப் போனபோது கோர்ட் கிளார்க்கும் கூடப் போகிறார். அந்தக் கிளார்க், அதே விபத்தில் குற்றவாளிக்கு எதிராக நஷ்ட ஈடு கேட்கிற வக்கீல் கம்பெனியின் பங்குதாரர். உள்ளே அவர் வாயே திறக்கவில்லை, யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. இருந்தும் அங்கே தலைமை நீதிபதியாக இருந்த ஹியூவர்ட் பிரபு அந்தத் தண்டனையை ரத்து செய்தார். பேசினாரா இல்லையா என்பது கேள்வி இல்லை, வெளியே நிற்கிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி. "உங்க தாத்தா இதைப் படிக்காமலா பரீட்சை எழுதியிருப்பார்" என்று அவர் சொன்னபோது நான் பேச்சை மாற்றினேன்.

வெளியே நிற்கிறவர் இன்றைக்கும் இருக்கிறார். அந்த நெசவாளர் வீட்டுப் பேரன் கீழமாசி வீதிப் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு மளிகை அங்கிருந்துதான், பல வருஷமாக, நான் யார் என்று அவருக்கும் அவர் யார் என்று எனக்கும் தெரியாமலேயே. போன வருஷம் ரசீதில் வீட்டு எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "அக்கா, ஜட்ஜய்யா வீடா?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பருப்பை நிறுத்துக்கொண்டே இருந்தார். "கோபமெல்லாம் இல்லக்கா. எங்க தாத்தா சாகுற வரைக்கும் ஒண்ணுதான் சொல்லிட்டிருந்தாரு, அந்த வக்கீலும் ஜட்ஜும் ஒரே லாட்ஜுன்னு. நாங்க ரூம் போட்டுப் பேசுனாங்கன்னு நெனச்சிட்டிருந்தோம். அது நெசந்தானா?" என்று கேட்டார்.

அவருக்கு லாட்ஜ் என்றால் டவுன்ஹால் ரோடு லாட்ஜ். ஐம்பத்தைந்து வருஷமாக ஒரு குடும்பம், ஒரு நீதிபதியும் ஒரு வக்கீலும் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து தங்கள் வீட்டைப் பங்கு போட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஜில்லா நீதிபதியின் பேத்தியாகிய நான் அதற்குப் பதில் சொல்ல முடியாமல் துவரம்பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் உங்களிடம் வந்தேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் உள்ளே போகும் முன் எல்லோரும் கையெழுத்துப் போடுகிற புத்தகம் உங்களிடம் உண்டு, 1965ல் இருந்து 1969 வரை உள்ளதை நானும் அந்தக் கடைக்காரத் தம்பியும் உங்கள் ஹாலில், உங்கள் கண் முன்னாலேயே, ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். சடங்கு வேண்டாம், கைகுலுக்கும் முறை வேண்டாம், யார் எந்த வார்த்தை சொன்னார்கள் என்பதும் வேண்டாம். யார் எந்தத் தேதியில் வந்தார்கள் என்பது மட்டும். வழக்கு நடந்த மாதங்களில் அந்த வக்கீலும் என் தாத்தாவும் எத்தனை தடவை ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்தார்கள் என்பது மட்டும். டைரி ஒரு தடவை என்கிறது. அது முழுசா என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

சகோதரர் அல்லாதவர்களுக்குக் காட்டும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. சரி, சேர்ந்துவிட்டுப் பார்க்கலாம் என்றால் நான் பெண், உங்கள் லாட்ஜில் பெண்களைச் சேர்ப்பதில்லை. (அன்னி பெசன்ட் அம்மையார் 1902லேயே பெண்களும் ஆண்களும் சேர்ந்த மேசன் சங்கத்தை லண்டனில் கொண்டுவந்துவிட்டார், நீங்கள் அதைச் சேர்த்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை, தெரியும்.) கடைக்காரத் தம்பி சேரலாம், ஆனால் உங்கள் ஓட்டெடுப்பில், வேண்டாம் என்பதற்கு அடையாளமான கறுப்பு உருண்டையை யார் போடுவார்கள் என்று எனக்குச் சோசியம் பார்க்கத் தேவையில்லை.

என்னை உங்கள் எதிரி என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் 1998ல் அரசாங்கம் நீதிபதிகளையெல்லாம் மேசனா இல்லையா என்று தெரிவிக்கச் சொன்னது, 2009ல் அதைக் கைவிட்டது. எழுதிக் கொடு என்று கட்டாயப்படுத்துவதில் எனக்கும் சம்மதம் இல்லை, நாளைக்கு இதே கேள்வியை எந்தச் சாதிச் சங்கம், எந்த மதம், எந்தக் கோயில் கமிட்டி என்று நீட்டிக்கொண்டே போவார்கள். நம்ம உச்ச நீதிமன்றம் 1997 மே 7ல் பெரிய கோர்ட்டு நீதிபதிகளுக்கென்று நெறிமுறைகள் வகுத்தது. தங்கள் கோர்ட்டிலேயே வாதாடுகிற வக்கீல்களோடு நெருக்கமாகப் பழகாதே என்று அதில் இருக்கிறது, சட்டம் சம்பந்தப்பட்ட சங்கம் தவிர வேறு எந்தச் சங்கத்திலும் தேர்தலில் நின்று பதவிக்கு வராதே என்றும் இருக்கிறது. தாத்தா காலத்தில் அந்தத் தாள் இல்லை. ஆனால் 1965ல் அவருக்கு எந்தத் தாளும் தேவைப்படவில்லையே. திறந்த கோர்ட்டில் வாயால் சொன்னார், சம்சாரி கும்பிட்டார், வழக்கு மாறியது, யாருக்கும் நஷ்டமில்லை. 1968ல் அவர் ஏன் சொல்லவில்லை? அதே சட்டம், அதே வக்கீல், அதே நீதிபதி. நடுவில் மாறியது உங்கள் சாப்பாட்டு மேஜை மட்டும்தான்.

தாத்தாவின் தப்பை உங்கள் தலையில் கட்டுவதாக நினைக்க வேண்டாம். சத்தியம் செய்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். மோர் வாங்கிக் குடித்தவரும் அவர்தான். ஆனால் அந்த மௌனத்தில் உங்கள் சபைக்கும் நாலில் ஒரு பங்காவது உண்டு, அதை எழுதாமல் தூண் என்று எழுதினால் நான் போட்டோ தரமாட்டேன்.

சகோதரத்துவம் வழக்கை வளைத்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. அமெரிக்காவில் கறுப்புக் குழந்தைகளுக்கு வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட 1954ஆம் வருஷ வழக்கில் வாதாடிய தர்குட் மார்ஷலும் மேசன், தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ஏர்ல் வாரனும் மேசன், கலிஃபோர்னியாவின் கிராண்ட் மாஸ்டராகவே இருந்தவர். ஆனால் மார்ஷல் இருந்தது கறுப்பர்களின் பிரின்ஸ் ஹால் லாட்ஜில், வாரனுடைய ஆட்கள் அதை அங்கீகரிக்கவே இல்லை. கோர்ட்டில் சமம் என்று தீர்ப்பு சொன்னவரின் லாட்ஜிலேயே சமம் கிடையாது. யார் எங்கே இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் இதை இன்றைக்கு நாம் உட்கார்ந்து பேச முடிகிறது.

நம்ம ஊர் மணி ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், 1842ல் மதுரையில் பிறந்தவர், 1869ல் இங்கேதான் வக்கீல் தொழில் ஆரம்பித்தார், 1895ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, மூன்று தடவை தற்காலிகத் தலைமை நீதிபதி. அவர் தியசாபிகல் சொசைட்டிக்காரர், பிரம்மஞான சபைக்காரர் என்பது ஊருக்கே தெரியும், பிற்பாடு அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். அதைப் பிடிக்காதவர்கள் முகத்துக்கு நேரே சண்டை போட்டிருப்பார்கள். ஆனால் யாரும் அவர் எங்கேயோ ரூம் போட்டுப் பேசினார் என்று ஐம்பத்தைந்து வருஷம் நினைத்துக்கொண்டு செத்துப்போகவில்லை.

தாத்தா வக்கீலாக இருந்தபோது மதுரைக் கோர்ட்டு திருமலை நாயக்கர் மகாலில் நடந்தது, 1970 வரைக்கும். சாட்சிக் கூண்டுக்கு மேலே புறா உட்கார்ந்து எச்சமிடுமாம், ஒரு தடவை அவருடைய பிரமாணப் பத்திரத்தின் மேலேயே விழுந்து, முன்சீப் அதையும் தாக்கல் செய்ததாக எடுத்துக்கொள்ளவா என்று கேட்டாராம். இந்தக் கதையை அவர் ஆயுசு முழுக்கச் சொன்னார். கதவே இல்லாத கோர்ட்டு அது, யார் வேண்டுமானாலும் தூணுக்குப் பின்னால் நின்று கேட்கலாம் என்பார். இந்தக் கதையையும் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், நன்றாக இருக்கும்.

கடைக்காரத் தம்பியிடம் டைரிப் பக்கத்தைக் காட்டிவிட்டேன். ஹோட்டல் ரூம் இல்லை, வேறு மாதிரி லாட்ஜ் என்று சொன்னேன். மூலைமட்டம், கவராயம் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப மோர் ஊத்துனது நெசம்" என்றார். ஆமாம் என்றேன்.

மலர் எப்போது அச்சுக்குப் போகிறது என்று உங்கள் செயலாளர் சொல்லவில்லை. போட்டோ தயாராக இருக்கிறது, 1976ல் எடுத்தது, கோட்டுப் போட்டு, கண்ணாடி இல்லாமல். ஏப்ரனைப் புதுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், அந்துருண்டை மாற்றியாகிவிட்டது. எந்தச் சனிக்கிழமை வரச் சொன்னாலும் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். நீங்கள் புத்தகத்தை மேஜையில் வையுங்கள், நான் பெட்டியை வைக்கிறேன்.

இப்படிக்கு,
வடக்கு மாசி வீதி ஜட்ஜய்யா வீட்டுப் பேத்தி